மறு: மரபுச் சின்னம் சரி, அதை வருணிக்கும் வாசகத்துக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். ரஷ்ய மாகாணங்களின் ‘கோட் ஆஃப் ஆர்ம்ஸ்’ (கேடயத்தில் வரையும் பரம்பரை அடையாளப் படம்) பற்றிய கட்டுரை வரைவுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் பேச்சுக்கு என் பதில் இது.

> கோட் ஆஃப் ஆர்ம்ஸ் = மரபுச் சின்னம் என்று முடித்துவிடலாமா? இலச்சினையும் பொறியும் இன்னும் பட்டியலில் இருக்கின்றன.

முடித்துவிடலாம். இலச்சினை என்றால் இன்று வங்கியின் லோகோவும் அதுதான், அலுவலக முத்திரையும் அதுதான். அதன் தலையில் இன்னொரு சுமை வேண்டாம். பொறி எனக்குப் பிடித்த சொல். சோழனின் புலிப்பொறி என்று சொல்லும்போதே ஒரு கம்பீரம் வருகிறது. ஆனால் ‘ரஷ்ய மாகாணப் பொறிகள்’ என்று தலைப்பு வைத்தால் டிராக்டர் பற்றிய கட்டுரை என்று நினைப்பார்கள். மேலும், ரஷ்யர்கள் இதைக் ‘கெர்ப்’ என்கிறார்கள். ஜெர்மனில் பரம்பரைச் சொத்தைக் குறிக்கும் ‘எர்பெ’ என்ற சொல்தான் போலந்து வழியாகப் போய் அப்படி ஆனது. ஆக, மரபு என்பது அங்கேயும் பொருந்துகிறது.

நான் எழுத வந்தது வேறு. படத்துக்குப் பெயர் வைத்துவிட்டோம், படத்தை வருணிக்கும் வாசகத்துக்கு வைக்கவில்லை. ஆங்கிலத்தில் அது பிளேசன். மரபுச் சின்னங்களைப் பற்றிய இந்த ஹெரால்ட்ரி துறையில் வாசகம்தான் மூலம். வாசகத்தை மீறாத வரை ஓவியர் எப்படி வேண்டுமானாலும் வரையலாம். இது ஏன் முக்கியம் என்பதற்கு சைபீரியாவில் பைக்கால் ஏரியை ஒட்டிய இர்குத்ஸ்கை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

> இர்குத்ஸ்க் மாகாணச் சின்னத்தில் ஒரு நீர்நாய் இருக்கிறது என்று வரைவில் எழுதியிருக்கிறேன்.

நீர்நாய் இல்லை ஐயா. கதை கொஞ்சம் நீளம். அந்தக் காலத்தில் சைபீரியாவில் புலியைப் ‘பாப்ர்’ என்றார்கள். பாரசீகத்திலும் புலிக்கு அதே சொல். (நம் வரலாற்றுப் புத்தகத்து பாபரின் பெயரும் இதுதான் என்று பலர் சொல்வார்கள்.) 1790இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் காலத்தில் ஏற்கப்பட்ட இர்குத்ஸ்க் சின்னத்தில் இருந்தது ஓடும் புலி, வாயில் ஒரு சேபிள் (கீரி போன்ற சிறு பிராணி). அந்த நாட்டின் செல்வமே சேபிள் தோல்தான், அதனால் அது. 1878இல் ஆளுநரகத்தின் சின்னத்தைப் புதிதாக எழுதியபோது வாசகத்தில் ‘பாப்ர்’ ‘போப்ர்’ ஆகிவிட்டது. போப்ர் என்றால் பீவர். மரம் அரிக்கும், அணை கட்டும், இறைச்சியைத் தொடாத பிராணி. தலைநகரில் இருந்தவர்களுக்குப் பாப்ர் என்ற சொல்லே தெரியாது, எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

பாவம், வரைந்தவர்கள். வாசகம் பீவர் என்கிறது, பழைய படத்தில் சேபிளைக் கவ்விய புலி நிற்கிறது. இரண்டையும் விட மனமில்லை. இப்போதும் சின்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வேட்டை மிருகத்தின் உடம்பு, கறுப்பு நிறம், சிவந்த கண். அப்படியே பின்னங்காலுக்கு வந்தால் விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பது போலச் சவ்வு. வால் பீவருடையது போலத் தடித்துக் கிடக்கிறது. பிற்பாடு வாசகத்தில் எழுத்தைத் திருத்திப் பாப்ர் ஆக்கினார்கள். வாலைத் திருத்தவில்லை! ஊர்க்காரர்களுக்கு அந்த வினோத மிருகம் பிடித்துப்போய்விட்டது. 2012இல் நகரத்தில் அதற்கு வெண்கலச் சிலையும் வைத்தார்கள்.

ஒரு எழுத்து மாறியதில் ஒரு மிருகமே பிறந்திருக்கிறது என்றால், அந்த வாசகத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா? என் முன்மொழிவு: கட்டியவுரை.

> கட்டியம் என்பதை ஹெரால்ட்ரி துறைக்கு ஏற்கெனவே சிலர் பயன்படுத்துகிறார்களே?

பயன்படுத்துகிறார்கள், ஆனால் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்பது என் கட்சி. கட்டியம் ‘கூறப்படுவது’. மன்னர் வருகிறார் என்று முன்னால் வந்து வாய்விட்டுச் சொல்பவன் கட்டியக்காரன். ஐரோப்பாவில் போட்டிக் களத்தில் வீரனின் கேடயத்தைப் பார்த்து இன்னார் என்று அறிவித்தவனும் அதே வேலையைத்தான் செய்தான். துறைக்கு மரபுச் சின்னவியல் இருக்கட்டும், கட்டியத்தை வாசகத்துக்கு விடுவிப்போம். தெருக்கூத்துக் கட்டியக்காரன் நினைவுக்கு வந்து சிரிப்பு வரும் என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். வரட்டுமே. முதலில் நான் ‘சின்னக் கட்டியம்’ என்றுதான் யோசித்தேன். பெரிய கட்டியம் எங்கே என்று வீட்டில் கேட்டார்கள், விட்டுவிட்டேன்.

சொல்லைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இர்குத்ஸ்க் மாகாணத்தின் கட்டியவுரை:

“வெள்ளிக் களத்தில் செங்கண் கரும்பாப்ர், அதன் வாயில் செந்நிறச் சேபிள்.”

(களம் என்றால் கேடயத்தின் பின்புலம்.) ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அந்தத் துறை மொழியில் கறுப்புக்கும் ‘சேபிள்’ என்றுதான் பெயர். சேபிள் நிற மிருகம் சிவப்பு நிறச் சேபிளைக் கவ்வுகிறது! நேராகத் தமிழில் எழுதினால் இந்தத் தலைவலி இல்லை. சிவப்புக்கு ரஷ்யர்கள் சொல்லும் ‘செர்வ்லேனி’ புழுவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, பூச்சியிலிருந்து எடுத்த சாயம் என்பதால். நம் அரக்கும் பூச்சி தருவதுதானே என்று ஆசைப்பட்டேன். ஆனால் புடவைக் கடையில் அரக்கு என்றால் மெரூன். செம்மையே போதும்.

கட்டியவுரையில் இடம் வலம் என்பது யாருக்கு என்று கேட்டிருந்தவருக்கு: கேடயம் பிடித்தவனுக்கு எது வலமோ அதுதான் வலம், பார்ப்பவருக்கு அல்ல. சிற்பத்தில் ‘வல மேற்கையில் மழு’ என்று சாமியின் கையைச் சொல்கிறோம் அல்லவா, அதே கணக்கு. புதுச்சொல் தேவையில்லை.

அப்புறம் கொடி. மாகாணக் கொடி 1997இல் ஏற்கப்பட்டது. நெட்டுவாக்கில் நீலம், வெள்ளை, நீலம். நீலம் பைக்கால் ஏரியின் நீர், வெள்ளை பனி. நடு வெள்ளையில் அதே பாப்ர், அதைச் சுற்றிப் பச்சைக் கிளைகள். வரைவில் அவற்றைத் ‘தேவதாரு’ என்று போட்டிருக்கிறீர்கள். ரஷ்யர்கள் ‘கெத்ர்’ என்பதால் வந்த குழப்பம். சைபீரியாவில் கெத்ர் என்பது தின்னக்கூடிய விதை தரும் ஒரு வகைப் பைன் மரம், தேவதாரு இனமே இல்லை. ‘சைபீரியப் பைன்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பீவர் கதையை நாமும் ஒருமுறை செய்த மாதிரி ஆகும்.

‘பாப்ர்’ என்ற எழுத்துக்கூட்டல் மட்டும் எனக்கு நெருடுகிறது. மெய்யெழுத்துகள் வரிசையாக நிற்கின்றன, படிக்க நாக்கு புரளவில்லை. ‘பாபிர்’ என்றால் தேவலையா? பாபர் மட்டும் வேண்டாம்.