மேகத்தில் உப்பைத் தூவினால் ஊர் மூழ்குமா?

முகில்வண்ணன் கேட்டது:
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாகச் சண்டை. 2024 ஏப்ரலில் துபாய் மூழ்கியதற்கு மேக விதைப்புதான் காரணம் என்று பெரியப்பா அடித்துச் சொல்கிறார். "விமானத்தில் போய் உப்பைத் தூவினான், வானம் பொத்துக்கொண்டது" என்பது அவர் கட்சி. இல்லை என்றேன். ஏன் இல்லை என்று கேட்டார், வாயடைத்துப் போனேன். மனிதனால் மழையை வரவழைக்க முடியுமா, முடியாதா? ஒரு வரி போதும்.

தூறல்:
முடியும். 2008 ஒலிம்பிக் தொடக்க விழா அன்று பெய்ஜிங்கில் மேகத்தை விதைக்கும் ராக்கெட்டுகளை ஆயிரத்துக்கும் மேல் ஏவி, விழா நடக்கும் இடத்துக்கு வருமுன்பே மழையைக் கொட்டவைத்து ஓட்டினார்களே.

பழைய வாத்தியார்:
ஏவியது உண்மை. அதனால்தான் மழை வரவில்லை என்பதற்கு என்ன சாட்சி? ஏவாமல் விட்டிருந்தாலும் வராமல் போயிருக்கலாம். இந்தத் துறையின் தலைவலியே இதுதான். அதே வானத்தை இரண்டாவது முறை ஓட்டிப் பார்க்க வழியில்லை.

நான் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன், ஒரு வரியில் முடிக்க வராது. 1946-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வின்சென்ட் ஷேஃபர் ஒரு உறைபெட்டிக்குள் மூச்சை ஊதிக்கொண்டிருந்தார். உள்ளே சிறு மேகம் உண்டாகும், ஆனால் உறையாது. மேகத்துளி சுழியத்துக்குக் கீழேயும் நீராகவே கிடக்கும், பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். பெட்டி போதுமான அளவு குளிரவில்லை என்று உலர் பனிக்கட்டித் துண்டு (திடமாக உறைந்த கரியமில வாயு) ஒன்றைப் போட்டார். மேகம் முழுக்கப் பனிப்படிகமாகிவிட்டது! வகுப்பில் நானும் செய்து காட்டியிருக்கிறேன். கறுப்புத் துணி விரித்த பெட்டியில் டார்ச் அடித்தால் மினுமினுவென்று மிதக்கும். கடைசி பெஞ்சுக்காரன்கூட எழுந்து வந்து எட்டிப் பார்ப்பான்.

அதே ஆண்டு அதே ஆய்வகத்தின் பெர்னார்ட் வானகட், சில்வர் அயோடைடு என்ற வேதிப்பொருளும் இந்த வேலையைச் செய்யும் என்று கண்டுபிடித்தார். அதன் படிக அமைப்பு பனிக்கட்டியை ஒத்தது, துளி ஏமாந்து அதன்மேல் உறைந்துவிடும். வெப்பமான மேகத்துக்கு உப்புத்தூள். எதுவானாலும் மேகம் ஏற்கெனவே இருக்க வேண்டும். பால் இருந்தால்தானே உறை ஊற்ற முடியும்?

இதை வைத்துப் புயலையே அடக்கலாமா என்று பார்க்க, 1947 அக்டோபரில் அட்லாண்டிக் புயல் ஒன்றில் சுமார் 80 கிலோ உலர் பனிக்கட்டியைக் கொட்டினார்கள். புயல் திரும்பி நேராக அமெரிக்காவின் சவானா நகர்ப் பக்கம் போய் அடித்தது. ஜனங்கள் கொதித்தார்கள். கொட்டுவதற்கு முன்பே அது திரும்பத் தொடங்கிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. 1969-இல் டெபி புயலில் விதைத்தபோது காற்று வேகம் ஒரு நாள் 31 சதவீதம் குறைந்தது. விதைக்காத புயல்களும் தாமாகவே அப்படி ஏறி இறங்கும் என்று தெரிந்ததும் அந்தக் கொண்டாட்டமும் அடங்கி, 1983-இல் புயலை அடக்கும் திட்டத்தையே மூடினார்கள்.

தூறல்:
அப்படியானால் எல்லாம் புருடாவா, சார்?

பழைய வாத்தியார்:
இல்லையப்பா. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் விமானம் முன்னும் பின்னும் போய்வந்து விதைத்தது. அது போன தடத்திலேயே ரேடாரில் பனிக்கோடுகள் தெரிந்தன, இயற்கை அப்படிக் கோடு போடாது. ஒரு முறை சுமார் 67 நிமிடம் பனி விழுந்தது. எவ்வளவு தெரியுமா? சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

இப்போது பெரியப்பா விஷயம். 2024 ஏப்ரல் 16-ஐ ஒட்டி அமீரகத்தில் ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்தப் புயலில் விதைக்கவில்லை என்று அந்நாட்டு வானிலை மையமே சொன்னது. அதை நம்ப வேண்டாம் என்றால், பத்தில் ஒரு பங்கையும் 250-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போதாததற்கு, கனமழை வரும் என்று கணினி முன்கணிப்புகள் சில நாள் முன்பே காட்டின. எந்த விமானம் எப்போது கிளம்பும் என்று அவற்றுக்கு யார் சொன்னது?

கோடைஇடி:
வியட்நாமை விட்டுவிட்டீர்களே. 1967 முதல் 1972 வரை எதிரியின் பாதையைச் சேறாக்க அமெரிக்க ராணுவம் ரகசியமாக மேகம் விதைத்தது. விஷயம் வெளியே வந்த பிறகு, வானிலையைப் போர் ஆயுதமாக்கக் கூடாது என்று 1977-இல் சர்வதேச ஒப்பந்தமே போட்டார்கள். பெரியவர் சந்தேகப்படுவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

முகில்வண்ணன்:
வாத்தியார் பதிலை அப்படியே குழுவில் போட்டேன். பெரியப்பா துபாயை விட்டுவிட்டார். இப்போது உலர் பனிக்கட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார், உறைபெட்டியைக் காலி செய்யத் தொடங்கியாயிற்று.

பழைய வாத்தியார்:
தடித்த கையுறை இல்லாமல் தொடக் கூடாது, ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். ஒரு சிட்டிகை போதும்.