அப்பாவின் பேச்சுப் பயிற்சிக்கு யோசனை வேண்டும்

பக்கவாதம் வந்து ஆறு வாரமாகிறது. மூளையின் இடது பக்கம் பாதிப்பு. நாங்கள் சொல்வதெல்லாம் அப்பாவுக்குப் புரிகிறது, வார்த்தைதான் வர மாட்டேன் என்கிறது. "ஊதுங்கள்" என்றால் உதடு எங்கெங்கோ போகிறது. சூடாகக் குடிக்கக் கொடுத்தால் தானாகவே ஊதுகிறார்! ஒன்று முதல் பத்து வரை கடகடவென்று எண்ணுகிறார். 'மூன்று' மட்டும் தனியாகக் கேட்டால் "மூ... மூ..." என்று திணறிக் கண் கலங்கிவிடுகிறார். பார்க்கத் தாங்கவில்லை.

இது தசை தளர்ந்து பேச்சு குழறும் டிசார்த்ரியா இல்லையாம். வாயசைவைத் திட்டமிடும் பகுதி அடிபட்ட அப்ராக்ஸியா என்றார் பேச்சுப் பயிற்சியாளர்.

இதே நிலையில் யாரையாவது பார்த்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? கண்ணாடி முன் பயிற்சி, ராகம் போட்டுச் சொல்வது, இதில் எது கைகொடுத்தது? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? அப்புறம், அவர் சோர்ந்துபோகும்போது எப்படித் தேற்றினீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.