20 லட்சத்துக்குள் குடும்ப வண்டி, ஆனால் மலையில் ஓட்டவும் நன்றாக இருக்க வேண்டும். எதை எடுக்கலாம்?

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. பழைய ஸ்விஃப்ட் டீசலைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுக்கலாம் என்றிருக்கிறேன், வீட்டில் ஆளுக்கொரு கட்சி. நான், மனைவி, ஏழு வயதுப் பெண், இரண்டு வயதுப் பையன், முட்டிவலியோடு அம்மா. மனைவியின் ஊர் வால்பாறை, அதனால் லீவு விட்டால் ஆழியாறு வழியாக மேலே ஏறிவிடுவோம். அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ரசித்து ஓட்டுகிற ஆள் நான், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மனசில்லை. ஆன்ரோடு 20 லட்சம், பெட்ரோல், மேனுவல். என் ஆசை விர்டஸ் 1.5 அல்லது வெர்னா டர்போ, இரண்டும் தாழ்வான செடான். மனைவி மூன்று வரிசை சீட் உள்ள கேரன்ஸ்தான் என்கிறாள், அவள் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொள்ளலாமாம். அம்மா எந்த வண்டி என்றெல்லாம் கேட்கவில்லை, குனிந்து உள்ளே போகிற வேலை வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். கூடவே இன்னொரு தலைவலி, பெண்ணுக்கு மலை ஏறினாலே வாந்தி. என்ன செய்யலாம்?

நாலாவது கியர்:
முதலில் ஒன்று சொல்லுங்கள், யார் எங்கே உட்காருவார்கள்? முட்டிவலி என்றால் அம்மா முன் சீட்டில்தான். அப்படியானால் பின்னால் பையனின் சைல்டு சீட் ஒரு ஓரம், பெண் இன்னொரு ஓரம், நடுவில் உங்கள் மனைவி. சைல்டு சீட்டை மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி பொதுவாக இரண்டு ஓரங்களில்தான் இருக்கும், அதனால் இதை மாற்றியும் போட முடியாது. விர்டஸின் மொத்த அகலமே 1752 மி.மீ., வெர்னா 1765. விர்டஸில் நடுவில் காலுக்குக் கீழே மேடு வேறு. டிக்கி இரண்டிலும் 500 லிட்டருக்கு மேல், அதில் குறை சொல்ல முடியாது. ஷோரூமுக்குப் போகும்போது சைல்டு சீட்டையும் கையோடு தூக்கிக்கொண்டு போங்கள், சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

மலைக்காற்று:
வாந்தி விஷயத்துக்கு மட்டும் பதில். மெத்தென்ற சஸ்பென்ஷன் இருந்தால் குழந்தைக்கு நல்லது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், மலையில் அது தலைகீழ். வளைவுக்கு வளைவு உடல் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்ந்து ஆடுகிற வண்டியில்தான் வயிறு சீக்கிரம் கலங்கும். ஆடாமல் திரும்புகிற வண்டி உங்களுக்கும் பிடிக்கும், அவளுக்கும் ஒத்துக்கொள்ளும், இதில் அப்பாவுக்கும் பெண்ணுக்கும் சண்டையே இல்லை. ஆனால் பாதி ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட்டு, ஒரே சீராகத் திருப்பி, நேரானதும் மெதுவாக மிதியுங்கள். அப்புறம் அவள் கண்ணுக்கு ரோடு தெரிய வேண்டும், கையில் போன் கூடவே கூடாது. மூன்றாவது வரிசையில் மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள், ஆட்டம் அங்கேதான் அதிகம்.

கணக்குப்பிள்ளை:
பட்ஜெட்டைப் பற்றி யாரும் பேசக் காணோம். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 16 லட்சம் வண்டி என்றால் வரி மட்டும் 2.88 லட்சம், அதற்கு மேல் இன்சூரன்ஸ். ஆகவே 20 என்று சொன்னால் ஷோரூம் விலை 16ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கோடாவின் சின்ன எஸ்யூவி கைலாக்கையும் ஒருமுறை பாருங்கள் தம்பி. நான்கு மீட்டருக்குள், இன்ஜினும் 1200 சிசிக்குள் என்பதால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் 40.

நாலாவது கியர்:
கைலாக் நல்ல வண்டி, உயரமும் அம்மாவுக்குச் சரியாக வரும். ஆனால் ஒரு லிட்டர் டர்போ, இழுவிசை (டார்க்) 178 என்எம். ஐந்து பேரும் மூட்டையும் ஏறிய பிறகு, கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் இன்ஜின் சுற்று வேகம் (ஆர்பிஎம்) இறங்கினால் டர்போ விழித்துக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் கியருக்கு வர வேண்டும். விர்டஸின் 1.5 டிஎஸ்ஐ இன்ஜின் 250, வெர்னா டர்போ 253, இரண்டும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்க ஆரம்பித்துவிடும். அவருடைய ரூட்டுக்கு நான் 1.5க்குக் கீழே இறங்க மாட்டேன்.

பொள்ளாச்சிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. சைல்டு சீட்டை எடுத்துக்கொண்டு போனேன், நல்லவேளை. விர்டஸில் மனைவி நடுவில் உட்கார முடிந்தது, ஆனால் பெண்ணின் பூஸ்டர் சீட் விளிம்பு பெல்ட் மாட்டுகிற பக்கிள் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பூஸ்டரைத் தூக்கி, விரலை விட்டுத் தேடி மாட்ட வேண்டும். வெர்னாவிலும் கிட்டத்தட்ட அதே கதை. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார், எழுந்து வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். ஓட்டிப் பார்த்ததில் விர்டஸின் மேல் உயிரே போகிறது, அது வேறு.

டீசல் மாமா:
தம்பி, வீட்டுக்காரம்மா சொல்வதைக் கேளுங்கள். கேரன்ஸின் புது வடிவமான கிளாவிஸ் டர்போவில் இருப்பதும் உங்கள் வெர்னாவில் இருக்கிற அதே 1.5 டர்போ பெட்ரோல்தான், அதே 160 பிஎஸ், அதே 253 என்எம். கிளட்சோடு ஆறு கியர் மேனுவலும் உண்டு. ஆனால் சில வேரியன்ட்டில் கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி வரும், கேட்டு எடுங்கள். அகலம் 1800. உயரமான வண்டி, அதனால் வளைவில் விர்டஸ் மாதிரி ஒட்டிக்கொண்டு போகாது, அதை நான் மறைக்கவில்லை. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் டிக்கி 216 லிட்டர், நாலு பைக்கு மேல் தாங்காது. மாமனார் மாமியாரோடு போகிற அன்று மட்டும் மூட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்காற்று:
மாமா சொல்வது சரி, ஆனால் முடிவு செய்வதற்கு முன் டெமோ வண்டியை நேர் ரோட்டில் ஓட்டிவிட்டு வராதீர்கள். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி நாலு வளைவாவது ஏறி இறங்கினால்தான் தெரியும். கேட்டால் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் வேறு டீலரிடம் போங்கள்.

பொள்ளாச்சிக்காரன்:
கேட்டேன், கொடுத்தார்கள், சேல்ஸ்மேனை மூன்றாவது வரிசையில் ஏற்றிக்கொண்டு போனேன் பாவம். விர்டஸை விடச் சாய்கிறது, ஸ்டியரிங்கும் லேசு, ஆனால் இரண்டாவது கியரிலேயே அலட்டிக்கொள்ளாமல் ஏறுகிறது. மலைக்காற்று சொன்ன மாதிரி முன்கூட்டியே பிரேக் பிடித்து ஓட்டினேன், பெண் கடைசி வரை ஜன்னலில் குரங்கு எண்ணிக்கொண்டு வந்தாள். அம்மா ஏறி இறங்க யார் கையும் தேவைப்படவில்லை. சரி, கிளாவிஸ் டர்போ மேனுவல்தான், மேல் வேரியன்ட் பட்ஜெட்டைத் தாண்டினால் சன்ரூஃப் வேண்டாம், சின்ன வேரியன்ட்டில் ஐஎம்டிதான் கிடைக்கும் என்றால் ஆறு மாதம் காத்திருந்து காசு சேர்ப்பேன், கிளட்ச் இல்லாமல் முடியாது. டெலிவரிக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

டீசல் மாமா:
பதிவு எண் விழுவதற்கு முன்பே யார்டில் போய்ப் பாருங்கள், பிறகு பார்த்துப் பயனில்லை. ஐந்து டயரிலும் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். வண்டியின் அடையாள எண்ணை (விஐஎன்) பில்லோடு ஒத்துப் பாருங்கள், ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட்டை வெயிலில் பாருங்கள், நிழலில் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.