‘ஓவரியன் ரிசர்வ்’: தமிழில் என்ன போடலாம்?

நண்பர்களே, கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கான நாலு பக்கக் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஹார்மோனை ஹார்மோன் என்றே விட்டுவிட்டேன், அடிக்க வராதீர்கள். மாட்டிக்கொண்டது ‘ஓவரியன் ரிசர்வ்’, அதாவது பெண்ணின் உடலில் இன்னும் மிச்சமிருக்கும் முட்டைகளின் அளவு. ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோனின் அளவு காட்டுவது இதைத்தான் என்று அரைப்பக்கம் ஓடுகிறது. ‘சூலக இருப்பு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– கா.

———

சூலகம் நன்று, இருப்புதான் மளிகைக்கடை வாடை அடிக்கிறது. திருமுருகாற்றுப்படையில் ‘கமஞ்சூல் மாமழை’ வருகிறதே, நீர் நிறைந்த மேகத்தைச் சூல்கொண்டதாகச் சொல்வது. ‘கமம் நிறைந்து இயலும்’ என்பது தொல்காப்பியம். நிறைவுக்குக் கமம் என்று சொல்லே இருக்கும்போது ‘சூற்கமம்’ என்று ஆக்கிக்கொள்ளலாம். குறைந்தால் ‘குறைகமம்’. அப்புறம், ஹார்மோன் என்ற பெயரை ஸ்டார்லிங் 1905இல் ‘தூண்டி இயக்குவது’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்துதான் எடுத்தார். நம்மிடம் ‘இயக்குநீர்’ கச்சிதமாக இருக்கும்போது விட்டுவிட்டேன் என்றால் எப்படி?
– பு.

———

ஐயா, எங்கட பக்கம் கமம் எண்டால் வயலும் விவசாயமும்தான், கமக்காரர் எண்டால் விவசாயி. ‘உங்கள் சூற்கமம் குறைவு’ எண்டால் உரம் போடவோ எண்டு கேட்பினம். நாங்கள் பள்ளியிலேயே சூலகம், ஓமோன் எண்டு படித்தவர்கள், எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் கா. கவனிக்கவேண்டிய ஒன்று: ‘ஏனை உயிர்வழி வவ்வும்’ எண்ட நன்னூல் விதியைப் பிடித்து யாராவது பிழைதிருத்துபவர் சேர்த்து எழுதினால் ‘சூலகவிருப்பு’. அதை ‘சூலக விருப்பு’ எண்டு பிரித்து வாசித்தால் ஹார்மோன் கையேடு வேறு எங்கோ போய்விடும்.
– ச.

———

நான் இந்த நோயாளிகளிடம் தினமும் பேசுகிறவள். சூலகம் என்றால் எங்களுக்குப் பள்ளியில் பூவைப் பிய்த்துப் பார்த்த ஞாபகம்தான் வரும். ‘சினைப்பை’ என்றால் ஸ்கேன் அறிக்கை படித்தவர்களுக்குத் தெரியும், சிலர் மட்டும் “சினை மாட்டுக்குத்தானே” என்று முகம் சுளிப்பார்கள். எல்லோருக்கும் புரிவது கருமுட்டை.

ஆனால் என் கவலை இரண்டாவது சொல்லில். ‘இருப்பு குறைவு’ என்று படித்ததும் கதை முடிந்தது என்று அழுகிறார்கள். ஏ.எம்.ஹெச். சினைப்பையில் முட்டைகளைத் தாங்கிய சின்னச் சின்ன நுண்பைகள் சுரப்பது. முட்டை வளர ஊசி போட்டால் ஏறக்குறைய எத்தனை முட்டை கிடைக்கும் என்பதை அது ஓரளவு சொல்லும். அந்த முட்டைகள் எப்படிப்பட்டவை என்பதைச் சொல்லாது, அதற்கு வயதுதான் பெரிய காரணம். குழந்தை பிறக்குமா என்பதற்கு அந்த எண் நல்ல ஜோசியர் இல்லை. இதில் இன்னொரு கூத்து: ஏ.எம்.ஹெச். குறைந்தால் கவலை, அந்த நுண்பைகளை வளரத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன் கூடினால் கவலை. போதாததற்கு ஓர் ஆய்வகம் நானோகிராமில் தருகிறது, இன்னொன்று பிக்கோமோலில். லிட்டருக்கு 10 பிக்கோமோல் என்பது மில்லிலிட்டருக்கு 1.4 நானோகிராம்தான். முன்பு 1.4 இருந்தது இப்போது 10 ஆகிவிட்டது என்று இனிப்போடு வந்தவரிடம் என்ன சொல்வது? ‘கருமுட்டை வளம்’ என்று போட முடியாதா?
– ம.

———

‘கருமுட்டை’யே பிழை. கரு உருவானபிறகுதானே கரு? பண்புத்தொகையாக விரித்தால் கறுப்பு முட்டை!
– பு.

———

கருவுக்கான முட்டை, உருபும் பயனும் உடன்தொக்க தொகை. போதுமா ஐயா? ம. அக்கா, வளம் என்றால் தரம் என்றுதான் படிப்பார்கள், ஏ.எம்.ஹெச். சொல்லாத விஷயம் அதுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கை என்றும் போட முடியாது, யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று வியாழன் இரவு. தனிமடல்களையும் சேர்த்தால் ‘கருமுட்டை இருப்பு’க்கு ஐந்து பேர், அதையே அனுப்புகிறேன். ஓர் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஏ.எம்.ஹெச்.சின் விரிவை ‘முல்லர் எதிர்ப்பு ஹார்மோன்’ என்று எழுதியதை மெய்ப்புப் பார்த்தவர் ‘முல்லை எதிர்ப்பு’ என்று திருத்தியிருந்தார். முல்லர் ஜெர்மன் உடலியலாளர், 1858இலேயே காலமாகிவிட்டார், அவர்மேல் யாருக்கும் எதிர்ப்பில்லை. ஆண் கருவில் அவர் பெயரால் வழங்கும் குழாயை வளரவிடாமல் செய்வதால் வந்த பெயர் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.
– கா.

———

சரி, போடுங்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே ‘இது எண்ணிக்கை பற்றியது மட்டும்’ என்று தடித்த எழுத்தில் வேண்டும். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள்.
– ம.

———

என் மறுப்பு பதிவாகட்டும். சூற்கமத்தை என் சொல்தொகுப்பில் ஏற்றிவிட்டேன்.
– பு.

———

கமத்தை மட்டும் எங்களுக்கு விட்டுவிடுங்கோ ஐயா.
– ச.