பத்து நிமிடப் பயிற்சியில் சொந்த நடை வருமா?

அரைப்புள்ளி:
நான்கு மாதமாகத் தினமும் காலையில் பத்து நிமிடம் எழுதுகிறேன். சாவி, படிக்கட்டு, ஈரம் என்று ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அலாரம் அடிக்கும்வரை கை நிற்காமல். நூறு துண்டுகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. நேற்று ஒரு தோழியிடம் பத்துத் துண்டுகளைக் கொடுத்தேன். "நல்லா இருக்கு, ஆனா நீ எழுதின மாதிரி இல்லை. எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கு" என்றாள். இந்தக் குறும்பயிற்சிகளால் சொந்த நடை வரும் என்கிறார்களே, உண்மைதானா?

மைக்கறை:
உங்கள் தோழி சரியாகச் சொல்லியிருக்கிறார். வேகமாக எழுதும்போது கைக்கு முதலில் அகப்படுவது ஊரெல்லாம் எழுதித் தேய்த்த சொல்தான். மனம் கனத்தது, நினைவுகள் அலைமோதின, கண்கள் குளமாயின. தினமும் பத்து நிமிடம் நிற்காமல் எழுதினால் இவற்றில்தான் கை பழகும். நின்று, அடித்து, வேறு சொல் தேடி, கிடைக்காமல் எழுந்து போய்த் திரும்பி வந்து உட்காரும்போதுதான் நடை வரும். அலாரம் அதற்கு எதிரி.

தாள்மடிப்பு:
அலாரத்தைக் குறை சொல்லாதீர்கள் மைக்கறை. நிற்காமல் எழுதும் பயிற்சியைப் பரவலாக்கிய பீட்டர் எல்போ, 1973இல் வந்த தன் நூலில் ஆரம்பத்துக்குப் பத்து நிமிடம், வாரம் மூன்று முறையாவது என்றுதான் சொன்னார். அந்தப் பத்து நிமிடத்தில் நல்ல எழுத்து வரவேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. எழுதும்போதே கூடவே திருத்திக்கொண்டிருக்கும் பழக்கத்தைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரவைப்பதுதான் நோக்கம். திருத்தம் அப்புறம்.

அரைப்புள்ளி, அந்த நூறு துண்டுகளில் எத்தனையைத் திரும்பப் படித்தீர்கள்?

அரைப்புள்ளி:
ஒன்றையும் படிக்கவில்லை.

தாள்மடிப்பு:
அதுதானே பார்த்தேன். பயிற்சியில் பாதியைத்தான் செய்திருக்கிறீர்கள். ஒரு பேனாவோடு உட்கார்ந்து, வேறு யாரும் எழுதியிருக்க முடியாத வரியை மட்டும் அடிக்கோடிடுங்கள். பத்துத் துண்டுக்கு ஒரு வரி தேறினாலே பெரிய விஷயம்.

அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவயதில் 'ஸ்பெக்டேட்டர்' என்ற ஆங்கில இதழின் கட்டுரைகளை வைத்துப் பழகியதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு எடுப்பார், சில நாள் தள்ளி வைப்பார், பிறகு மூலத்தைப் பார்க்காமல் சொந்தச் சொற்களில் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை பார்ப்பார். அவர் கற்றது அந்த ஒப்பிடுதலில்தான்.

மைக்கறை:
ஃபிராங்க்ளின் கதை என் பக்கம்தான் பேசுகிறது. அவர் கற்றது தெளிவாக எழுதும் திறமை. அது வேறு, சொந்தக் குரல் வேறு. பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ பேருந்தில் நடந்த ஓர் அற்பச் சம்பவத்தை 99 விதமாக எழுதி 1947இல் நூலாக்கினார். அதில் எந்த விதம் கெனோவின் குரல்? பயிற்சி வேஷம் கட்டக் கற்றுத்தரும். அதைக் கலைக்கக் கற்றுத்தராது.

தாள்மடிப்பு:
99 விதமாக எழுதத் துணிந்தாரே, அந்தக் குறும்புதான் அவர் குரல் என்பேன். சரி, அதை விடுங்கள்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். பேனாவை எடுத்ததும் பலருக்குப் பள்ளிக் கட்டுரை மொழி வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு சம்பவத்தை யாரிடமாவது சொல்வதுபோல் போனில் பதிவு செய்து, அப்படியே தாளில் இறக்கிப் பாருங்கள் அரைப்புள்ளி. நான் செய்தபோது, ஒவ்வொரு கதையையும் நடுவிலிருந்து தொடங்குகிறேன் என்பது தெரிந்தது. எழுத்தில் ஒருநாளும் அப்படித் தொடங்கியதில்லை.

அரைப்புள்ளி:
செய்து பார்த்தேன். இரண்டையும் போடுகிறேன்.

பழைய துண்டு: "தாத்தா இல்லாத வீட்டின் மௌனம் என்னை அழுத்தியது. நினைவுகள் நெஞ்சை நிறைத்தன."

பதிவிலிருந்து: "தாத்தா ரூமுக்குள்ள போனேன். ஃபேன் ஓடிக்கிட்டே இருந்துச்சு. காலையிலேர்ந்து யாரும் நிறுத்தல."

தாள்மடிப்பு:
வேறென்ன சொல்ல? இரண்டாவதை உங்கள் தோழியிடம் காட்டுங்கள்.

மைக்கறை:
இரண்டாவது நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பேச்சுத்தமிழில் இருப்பதால்தான் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்துத்தமிழுக்கு மாற்றிப் பார்க்கிறேன்: "மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து யாரும் நிறுத்தவில்லை." ஒன்றும் கெட்டுப்போகவில்லையே! உங்களுடையது அந்த விசிறியைக் கவனித்த கண். பயிற்சிக்கு முன்பே அது உங்களிடம் இருந்தது.

தாள்மடிப்பு:
இருந்தது, சரி. நான்கு மாதமாகத் தாளுக்கு வரவில்லையே. வரவைத்தது எது?

மைக்கறை:
அலாரம் இல்லாமல் பேசியது.

அரைப்புள்ளி:
சண்டை வேண்டாம். ஒன்று சொல்லவேண்டும். பதிவைத் தாளில் இறக்கும்போது அந்த ஃபேன் வரியைத்தான் முதலில் அடித்து நீக்கினேன். 'இதெல்லாம் எழுதுவார்களா' என்று தோன்றியது. இங்கே போடுவதற்காகத் திரும்பச் சேர்த்தேன். பழைய துண்டுகளில் இப்படி எத்தனையை எழுதாமலே விட்டிருப்பேனோ தெரியவில்லை. இன்று இரவு நூறையும் எடுத்து உட்காரப்போகிறேன்.