புதுப்பிப்பு: கேலரியின் மங்கலான சிறுபடங்கள் தெளிவாகிவிட்டன

மெமரி கார்டிலிருந்து போனின் உள்நினைவகத்துக்குப் படங்களை மாற்றிய பிறகு, கேலரியில் சிறுபடங்கள் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன என்றும், தொட்டுத் திறந்தால் படம் தெளிவாகவே இருக்கிறது என்றும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்தச் சிக்கல் இப்போது தீர்ந்துவிட்டது.

முதலில் செட்டிங்ஸில் கேலரி செயலியின் ஸ்டோரேஜ் பகுதிக்குச் சென்று கேஷை (செயலி தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் தரவை) அழித்தேன். பாதிப் படங்கள் மட்டுமே சரியாயின. (அருகிலுள்ள 'டேட்டா' பொத்தானை அழுத்திவிடாதீர்கள், செயலியின் அமைப்புகள் போய்விடும்.) பிறகு ஃபைல் மேனேஜரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து, கேமரா படங்கள் சேமிக்கப்படும் டிசிஐஎம் (DCIM) கோப்புறைக்குள் புள்ளியுடன் தொடங்கும் 'தம்ப்நெய்ல்ஸ்' கோப்புறையை மட்டும் அழித்து, போனை அணைத்து மீண்டும் இயக்கியதும் மீதிப் படங்களும் தெளிவாயின. அந்தக் கோப்புறையில் இருப்பவை சிறுபட நகல்களே என்பதால் மூலப்படங்களுக்குச் சேதமில்லை. ஆனாலும் முன்னதாகக் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன், நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

கேமரா படக்கோப்புக்குள்ளேயே பெரும்பாலும் 160 × 120 பிக்சல் அளவில் ஒரு குட்டிப் படம் பதிந்திருக்கும். அதையே கேலரி இழுத்துப் பெரிதாக்கிக் காட்டியிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். வெண்திட்டாகத் தெரிந்த அம்மாவின் மார்கழிக் கோலத்தில், இப்போது சிறுபடத்திலேயே புள்ளிகளை எண்ண முடிகிறது.