வேலைப் பட்டியலில் இல்லாத வேலைகள்

அலுவலக உதவியாளர் வேலைக்கான நியமனக் கடிதத்தில் பெரும்பாலும் கடைசி வரி இப்படித்தான் இருக்கும்: 'அவ்வப்போது ஒப்படைக்கப்படும் பிற பணிகள்'. தபால் பிரிப்பது, கோப்பு அடுக்குவது, மீட்டிங் ஏற்பாடு, டோனர் மாற்றுவது எல்லாம் அதற்கு மேலே வரிசையாக வந்துவிடும். நம் நாளில் பாதியைத் தின்பது அந்தக் கடைசி வரிதான். சிரிப்பு வரவழைக்கிற வேலைகளும் அதில்தான் ஒளிந்திருக்கின்றன. அவற்றையும் ஒழுங்காகச் செய்ய ஒரு முறை இருக்கிறது, அதைத் தெரிந்தவர்கள் நாம் மட்டும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனக்கு வந்தவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கு வந்ததையும் எழுதுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்ட வேலை. எங்கள் மீட்டிங் அறையில் ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரிகிற விளக்குகள். அவற்றை இயக்குகிற சென்சாருக்கு உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது தெரியாது. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் இடம் மாறுகிறதா என்றுதான் அது கவனிக்கும். அதனால் எல்லோரும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து கேட்டால், அதன் கணக்கில் அறை காலி. சுமாரான பேச்சாளர் பேசும்போது ஆட்கள் நெளிவார்கள், திரும்புவார்கள், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நன்றாகப் பேசுபவர் வந்தால்தான் இருட்டாகும்.

வெளியிலிருந்து விருந்தினர்கள் வந்த ஒரு கூட்டத்தில் இரண்டு முறை இப்படி அணைந்துவிட்டது. மேனேஜர் வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு அப்பப்போ கையை ஆட்டுங்க, உள்ள யாருக்கும் தொந்தரவு வேண்டாம்." சாதாரணக் கண்ணாடி அந்த வெப்பக் கதிரை உள்ளே விடாது. வெளியே நின்று எத்தனை ஆட்டினாலும் பயன் இல்லை. அதை அவரிடம் விளக்கிவிட்டு, உள்ளே ஒரு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். இன்னொன்றும் இருக்கிறது. சென்சாரை நோக்கி நேராகப் போனால் அது உணர நேரம் எடுக்கும், குறுக்கே போனால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதனால் கையை முன்னும் பின்னும் நீட்டாமல் பக்கவாட்டில் வீச வேண்டும். நான் வீசியதைப் பார்த்து ஒரு விருந்தினர் புன்னகையோடு எனக்குக் கையசைத்தார். அடுத்த முறை வீசியபோது பக்கத்தில் இருந்தவரும் சேர்ந்துகொண்டார். கடைசிவரை விளக்கு அணையவே இல்லை. மறுநாள் பராமரிப்புப் பிரிவில் சொல்லி, சென்சார் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைக்கச் சொன்னோம்.

ஏசி ரிமோட்டுக்குக் காவல் இருப்பது இன்னொரு வேலை. ஒருவர் வந்து குறைப்பார், அவர் திரும்புவதற்குள் இன்னொருவர் வந்து கூட்டுவார். முடிவில் ரிமோட் என் மேசை இழுப்பறைக்கு வந்து சேர்ந்தது, நான் நடுவர் ஆனேன். ஒரே அறையில் எல்லோருக்கும் பிடித்த வெப்பநிலை என்று ஒன்று கிடையாது. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் 1970-ல் வெளியிட்ட ஆய்வின் வழியாக வந்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அறை எவ்வளவு சரியாக இருந்தாலும் நூற்றுக்கு 5 பேருக்காவது அது பிடிக்காது என்கிறது அது. இது தெரிந்தபிறகு நான் எண்ணை மாற்றுவதை நிறுத்திவிட்டு ஆட்களை மாற்ற ஆரம்பித்தேன். குளிர்காற்று நேராகத் தலையில் இறங்குகிற இடத்தில் எப்போதும் சால்வையோடு இருந்தவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். ஜன்னல் பக்கம் வேர்த்துக்கொண்டிருந்தவர் அவர் இடத்துக்குச் சந்தோஷமாகப் போனார். சண்டையில் முக்கால்வாசி அதோடு முடிந்தது.

மற்றவை சின்னச் சின்னது. புதிதாக வாங்கப்போகிற நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்து அபிப்பிராயம் சொல்வது. பிறந்தநாள் வாழ்த்து அட்டையை, பிறந்தநாள்காரர் கண்ணில் படாமல், ஒரு கோப்புக்குள் வைத்து மேசை மேசையாகச் சுற்றவிடுவது. அந்தக் கோப்பின் மேல் 'நிலுவைக் கணக்குகள்' என்று எழுதி வைத்தால் யாரும் ஆசைப்பட்டுத் திறக்க மாட்டார்கள்.

* * *

நான் கணக்குப் பிரிவு உதவியாளர். எனக்கு வந்தது புறா.

மதிய நேரம், திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. ஒருவர் மேசைக்கு அடியில் போனார், ஒருவர் துடைப்பத்தை எடுத்தார், மற்ற எல்லோரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பறவை பிடிக்கும் வேலை எனக்கு எப்போது வந்தது என்று கேட்க அது நேரம் இல்லை. முதலில் துடைப்பத்தை வாங்கி வைத்தேன். விரட்டினால் பயந்துபோய் கண்ணாடியில் மோதும், காயம் படும். அப்புறம் விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்து, திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, ஒரே ஒரு ஜன்னலை மட்டும் முழுக்கத் திறந்து வைத்தேன். எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். இருட்டான அறையில் வெளிச்சம் வருகிற ஒரே வழியை நோக்கித்தான் பறவை போகும். கொஞ்ச நேரத்தில் போயும்விட்டது. எச்சத்தை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது, தூசி மூச்சில் போகும். நன்றாக ஈரமாக்கித்தான் துடைத்தேன்.

அத்தோடு முடியவில்லை. புறா உட்கார்ந்திருந்தது கையெழுத்துக்காக வைத்திருந்த ஒரு படிவத்தின் மேல். புதுப் படிவம் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுத வேண்டும், அதில் காரணமும் சொல்ல வேண்டும். 'பறவை எச்சம் பட்டு முதல் பக்கம் பயன்படுத்த இயலாத நிலையில் உள்ளதால்' என்று எழுதினேன். மேலதிகாரி ஒரு எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். படிவம் வந்த உறையில் ஒரு சின்னத் துண்டுத்தாள்: 'பறவை நலமா?' நலமாகப் பறந்துவிட்டது என்று முறைப்படி பதில் அனுப்பினேன். அந்த இரண்டு கடிதங்களின் நகலும் இன்னும் கோப்பில் இருக்கின்றன.

* * *

எங்கள் இடத்தில் என் அனுமதி இல்லாமல் எதையும் லேமினேஷன் செய்யக் கூடாது. இதுவும் ஒரு பதவிதான்!

வந்த கதை இது. பெரிய தொகைக்கான ரசீது ஒன்று, பில் மெஷினில் அடித்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அதிகாரி லேமினேஷனுக்குக் கொடுத்தார். நான் தடுத்துவிட்டேன். அந்தத் தாளில் மையே கிடையாது, சூடு பட்ட இடம் கறுப்பாவதுதான் எழுத்தாகத் தெரிகிறது. லேமினேஷன் மெஷினில் விட்டால் தாள் முழுக்கக் கறுத்துப் போகும். அவர் நம்பவில்லை. வேண்டாத ஒரு பில்லை அவர் கண் முன்னாலேயே விட்டுக் காட்டினேன், கரி மாதிரி வெளியே வந்தது. அன்றிலிருந்து யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் என்னிடம் நீட்டுகிறார்கள். போன வாரம் ஒருவர் தன் மகன் வரைந்த படத்தைக் கொண்டுவந்தார், மெழுகுக் கலரில் தீட்டியது. அதுவும் சூட்டில் இளகிவிடும் என்று சொல்லி, வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். பில் தாள் சும்மா இருந்தாலே மங்கும். கைக்கு வந்த அன்றே சாதாரணத் தாளில் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

* * *

இங்கே எழுதியிருப்பவர்கள் எல்லோரும் ஓடியாடி வேலை செய்திருக்கிறீர்கள். எனக்குக் கொடுத்த வேலை தரையில் படுத்திருப்பது.

தீ விபத்து ஒத்திகை. பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க மாடி வராந்தாவுல மயங்கிக் கிடக்கிற மாதிரி இருக்கணும், யாரு எப்படிக் கவனிக்கிறாங்கன்னு பார்க்கணும்" என்றார். யாரிடமும் சொல்லக் கூடாது. மணி அடித்ததும் போய்ப் படுத்துக்கொண்டேன்.

முதலில் வந்தவர் என்னைப் பார்த்தார், "டயர்டா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார். அடுத்து வந்த இரண்டு பேர் பேசிக்கொண்டே சுற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் வந்தவர் குனிந்தார். காப்பாற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன். "அந்த விடுப்புப் படிவம் எந்த அலமாரியில இருக்கு?" என்று கேட்டார். நான் கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். கடைசியில் வந்தது எங்கள் காவலாளி. தோளைத் தட்டிச் சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூச்சு வருகிறதா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லாததால் போனை எடுத்து உதவிக்கு ஆள் அழைத்தார். ஒவ்வொன்றும் முறைப்படி. அவர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

அதற்குள் கீழே பெரிய குழப்பம். எல்லோரும் கூடுகிற இடத்தில் பெயர் வாசித்து எண்ண வேண்டும், யார் உள்ளே மாட்டிக்கொண்டார் என்பது அதில்தான் தெரியும். பெயர்ப் பட்டியலைக் கையோடு கொண்டுபோவது என் பொறுப்பு. பட்டியல் என்னோடு மாடியில் மயங்கிக் கிடக்கிறது! யாரிடமும் சொல்லக் கூடாது என்பதால் அதை மாற்றிக் கொடுக்க வழியில்லை. கீழே இருப்பவர்களுக்கு யார் இல்லை என்பதே தெரியவில்லை. ஒருவர் மட்டும், "பேர் வாசிக்கிறவங்களையே காணோமே, அவங்கதான் உள்ள இருக்காங்க" என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். சொன்னவர் விடுப்புப் படிவம் கேட்டவர்தான்.

சிரித்து முடித்தபிறகு பாதுகாப்புப் பிரிவில் அதைத்தான் முதல் குறையாக எழுதினார்கள். பட்டியலின் இன்னொரு பிரதி இப்போது வாசலில் காவலாளியிடம் இருக்கிறது. ஆள் சேர்ந்தாலோ விலகினாலோ இரண்டையும் அன்றே திருத்துகிறேன். உங்கள் இடத்தில் பட்டியல் ஒரே ஒருவரிடம் இருந்தால் தயவுசெய்து நாளைக்கே மாற்றுங்கள்.

* * *

ஷ்ரெடரில் தவறுதலாகப் போன தாளை ஒட்டவைக்கச் சொன்ன அனுபவம் எனக்கு உண்டு. எங்களுடையது பழைய மெஷின், நீளவாக்கில் நாடா நாடாவாகத்தான் வெட்டும். அதனால் முடிந்தது. கையெழுத்து இருந்த நாடாக்களை மையின் நிறத்தை வைத்து முதலில் பிரித்தேன், ஓரத்துத் துண்டுகளை அடுத்து, வெற்று இடங்களைக் கடைசியாக. தெளிவான பிளாஸ்டிக் தாள் மேல் வரிசையாக வைத்து டேப் போட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தும்மல் வந்தால் வெளியே ஓடினார்கள்.

குறுக்கும் நெடுக்குமாக வெட்டுகிற மெஷின் என்றால் ஆசையே வேண்டாம். துண்டு எவ்வளவு சின்னது என்பதைக் குறிக்கிற தர வரிசையில் பி-4 என்றால் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. ஒரு ஏ4 தாள் 390 துண்டுகளாவது ஆகும். ஆனாலும் பொறுமைக்கு எல்லை இல்லை. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் 1989-ல் அவசரமாகக் கிழித்துப் போட்ட கோப்புகள் மூட்டை மூட்டையாகக் கிடைத்தன. 1995-லிருந்து பல ஆண்டுகள் அவற்றைக் கையாலேயே பொருத்தினார்கள். அங்கே மேசையில் உட்கார்ந்து ஒட்டியவர்களை நினைத்தால் எனக்குச் சொந்தக்காரர்கள் போலத் தோன்றுகிறது.

* * *

எல்லாவற்றையும் படித்தேன். ஒத்திகைக் கதையைப் படித்துவிட்டு எங்கள் பட்டியலையும் இன்று இரண்டாக்கிவிட்டேன், நன்றி.

இன்னொன்று நினைவுக்கு வந்தது. எழுத்துப் பிழையை மறைக்கிற வெள்ளைத் திரவம் இருக்கிறதே, அதை அமெரிக்காவில் உருவாக்கியவர் பெட் நெஸ்மித் கிரஹாம், ஒரு வங்கியில் செயலாளராக இருந்தவர். வங்கி ஜன்னல்களில் பண்டிகைப் படங்கள் தீட்டுகிற வேலையும் அவருக்கு வந்தது. தட்டச்சு செய்பவருக்குச் சம்பந்தமே இல்லாத வேலை. படம் தீட்டுபவர்கள் தப்பை அழிப்பதில்லை, மேலேயே இன்னொரு பூச்சுப் பூசிவிடுகிறார்கள் என்பதை அப்போதுதான் கவனித்திருக்கிறார். தட்டச்சிலும் அதையே செய்யலாமே என்று வெள்ளை வண்ணத்தைக் கலந்து பார்த்தார். 1956-ல் அதைப் பாட்டிலில் விற்க ஆரம்பித்தார், 1979-ல் அந்த நிறுவனத்தை ஜில்லெட் வாங்கியது. இந்தப் 'பிற பணிகள்' வரியை நான் இவ்வளவு மதிப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

அதனால் ஒரு வேண்டுகோள். விடுப்பில் போகும்போதும் வேலை மாறும்போதும் எழுதிக் கொடுக்கிற கைமாற்றுக் குறிப்பில் சாவி, கடவுச்சொல், கோப்பு விவரம் மட்டும் எழுதாதீர்கள். இவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த ஜன்னலைத் திறந்தால் பறவை போகும், எந்தப் பக்கம் கை வீசினால் விளக்கு எரியும் என்பதை அடுத்து வருபவருக்கு வேறு யார் சொல்வார்கள்?

* * *

அந்தப் பக்கத்தை நான் இன்றே எழுத ஆரம்பித்தேன். முதல் தலைப்பு மீன்.

எங்கள் ரிசப்ஷனில் ஒரு மீன் தொட்டி, உள்ளே தங்கமீன்கள். மேலதிகாரி நீண்ட பயணம் போனபோது என் கையில் ஒப்படைத்தார். நான் அளவாகத்தான் தீனி போட்டேன். தண்ணீர் என்னவோ கலங்கிக்கொண்டே வந்தது. கவனித்தால், காலையில் வருகிற ஒவ்வொருவரும் 'பாவம், பசிக்கும்' என்று ஆளுக்குக் கொஞ்சம் தூவிவிட்டுப் போகிறார்கள். தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது, போட்டதை எல்லாம் தின்றுகொண்டே இருக்கும். தின்னாமல் மிஞ்சியது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் பொட்டலம் என்று தேதி எழுதிக் கட்டி என் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். தொட்டியில் 'இன்று சாப்பிட்டாகிவிட்டது' என்று ஒரு அட்டை தொங்கவிட்டேன். தண்ணீரை ஒரேயடியாக மாற்றாமல் கால் பங்கு மட்டும் மாற்றி, குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து கலந்து ஊற்றினேன். தெளிந்துவிட்டது.

அவர் தினமும் வீடியோ அழைப்பில் கூட்டம் நடத்துவார். தொடங்கும் முன் போனைத் தொட்டிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்வார், ஒவ்வொரு மீனையும் பார்த்தபிறகுதான் முதல் விஷயத்துக்கு வருவார். அவர் திரும்பி வந்தபிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை, இப்போது எல்லோருமே தொட்டி முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் அறைக்குள் போகிறோம். நாட்காட்டியில் அந்த ஐந்து நிமிடத்துக்கு 'மீன்' என்று நானே குறித்து வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவருக்கு எந்த அழைப்பையும் இணைப்பதில்லை.